தவறான உதாரணத்தின் குரல்

குரல் பதிவுக்கு அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவுமாக வந்து நின்றார். வெளியிலிருந்து அல்ல, அதே வீட்டின் கூடத்திலிருந்து பின் அறைக்கு.

"குரல்தான் பதிவாகும், அண்ணா. சட்டை யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றாள் தங்கை.

"எனக்குத் தெரியும்ல" என்றார்.

தெருச் சத்தம் உள்ளே வராமல் இருக்க அவள் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தாள். மின்விசிறியை நிறுத்தியிருந்தாள். துணி அலமாரியின் கதவுகளைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே மைக்கைச் செருகியிருந்தாள். அண்ணன் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஸ்டூடியோன்னு சொன்ன. சலவைக் கடைக்குள்ள வந்த மாதிரி இருக்கு" என்றார். நாற்காலியைக் காட்டினாள். வேண்டாமென்று கையை அசைத்தார். வயதில் பாதிக்கு மேல் ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்றே கழித்தவர் அவர். உட்கார்ந்து பேசினால் குரல் மடங்கிவிடும் என்பது அவர் கட்சி.

அந்த ஹோட்டல் போன வருடம் கை மாறியது. வாங்கியவர்கள் கட்டடத்தை வைத்துக்கொண்டு ஆட்களை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அண்ணனுக்கு வேலை வராமல் இல்லை. ஒரு வணிக வளாகத்தில் கார் நிறுத்த வருகிறவர்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் வேலை வந்தது. "இன்னொருத்தர் காருக்குக் கை காட்டுறதுக்கு நம்ம அப்பா என்னைப் படிக்க வைக்கல" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அன்றிலிருந்து சோபாவின் இடது மூலை அவருடையது.

தங்கையின் வேலை, ஆன்லைன் பயிற்சிப் பாடங்களை வடிவமைப்பது. அவளுடைய நிறுவனம் பல நாடுகளில் ஹோட்டல், மருத்துவமனை, விமான நிலையம் என்று பொதுமக்களின் முன் நிற்கிற வேலைக்குப் போகும் பெரியவர்களுக்குத் தொழில் திறன் கற்றுக்கொடுத்தது. சொந்த நாட்டை விட்டு வேறு நாட்டுக்குப் போனவர்கள்தான் அதிகம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, விரிசல் விட்ட போனில் படிக்கிறவர்கள். ஒரு திரையில் எத்தனை வரி இருக்கலாம், எந்தச் சொல் எல்லா நாட்டுக்காரருக்கும் புரியும், எந்தப் படம் எந்த ஊரில் தப்பாகத் தெரியும் என்பதெல்லாம் அவளுக்குக் கைவந்த விஷயம்.

அந்த வாரம் அவள் செய்துகொண்டிருந்தது கோபமான விருந்தாளியைச் சமாளிக்கும் பாடம். அறை தயாராகவில்லை, விருந்தாளி கத்துகிறார். இரண்டு பணியாளர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள். எது சரி, எது தவறு என்று படிக்கிறவர் தொட்டுக் காட்ட வேண்டும். தவறான பணியாளருக்கு வாடகைக் குரல் ஒன்றைப் பிடித்தாயிற்று. அந்த ஆள் குழைந்து குழைந்து மன்னிப்புக் கேட்டு, நடக்காததை எல்லாம் நடத்தித் தருவதாகச் சொல்வார். சரியான பணியாளருக்கு அவள் மனதில் ஒரே ஒரு குரல்தான் இருந்தது.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பழைய ஹோட்டல் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அறை இன்னும் தயாராகவில்லை, ஐயா. மூன்று மணிக்குத் தயாராகும். அதற்கு முன் தர முடியாது. அதுவரை உங்கள் பெட்டிகள் என் பொறுப்பு. தயவுசெய்து அமருங்கள்.

ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவளுக்கு மெய் சிலிர்த்தது. இந்தக் குரல்தான் அவளை அந்த வீட்டில் இருக்க வைத்திருந்தது.

அவள் கணவன் கை நீட்டுகிறவன். ஒரு நாள் உதடு கிழிந்து, ஒரு பையோடு அவள் அண்ணன் வாசலில் வந்து நின்றபோது அண்ணன் எதுவும் கேட்கவில்லை. பின் அறையைக் காலி செய்து கொடுத்தார். கணவனின் தாய்மாமன் ஒருவர் உண்டு, அந்த வீட்டுக்குப் பெரிய மனிதர். மாதம் தவறாமல் போன் செய்து, பேசித் தீர்த்துக்கொள்ளலாம், நாலு பேரோடு வருகிறோம், பெண்ணை அனுப்பி வையுங்கள் என்பார். பதிவு நடந்த அன்றும் போன் வந்தது. அண்ணன் கூடத்தில் நின்றபடி பேசினார்.

"பெரியவரே, என் தங்கச்சி என் வீட்டுல இருக்கா. அங்க வரமாட்டா. இதுல உட்கார்ந்து பேச ஒண்ணும் இல்ல. உடம்பப் பாத்துக்குங்க."

வைத்துவிட்டார். மறுமுனையில் வார்த்தை வாயிலேயே நின்றிருக்கும். அடுப்படியிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்து, "உடம்பப் பாத்துக்குங்கன்னு நீங்க சொல்றதைக் கேட்டாலே அவருக்கு உடம்புக்கு ஏதாவது வந்துரும்" என்றாள். தங்கை பல நாட்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

*

பாடத்தை வெளியிடுவதற்கு முன் சில நாடுகளில் கொஞ்சம் பேருக்குக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். முடிவுகள் வந்த அன்று மேனேஜர் வீடியோ அழைப்பில் வந்தார். அவளைவிட வயதில் மிகவும் சின்னவர், மரியாதையான பையன். அவருக்குப் பின்னால் ஒரு செடி எப்போதும் பச்சையாக இருக்கும், பிளாஸ்டிக்.

"மேடம், எல்லாம் சூப்பர். நாலாவது, அந்தக் கோபக்கார விருந்தாளி பாடத்துல மட்டும் ஒரு சின்ன விஷயம். எல்லா நாட்டுக்காரங்களும் சரியான ஆளைத் தப்புன்னு தொட்டிருக்காங்க."

"கேள்வி புரியலையோ?"

"கேள்வி நல்லாப் புரிஞ்சிருக்கு. எழுதியே அனுப்பியிருக்காங்க, பாருங்க."

அவள் பார்த்தாள். இவர் என்னை விரட்டுகிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். என் பழைய முதலாளி நினைவுக்கு வந்தார் என்று இன்னொருவர். பயமாக இருக்கிறது, ஆனால் ஏன் என்று தெரியவில்லை என்று ஒரு பெண். மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் ஒருவர் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார்: எல்லையைத் தாண்டி வந்தபோது ஒரு மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி இதே மாதிரிதான், கத்தாமல், சார் போட்டு, முடியாது என்று சொன்னார். நாங்கள் இரண்டு நாள் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

அவளுக்குக் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று. இவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்றே வாழ்ந்தவர்கள். அவள் அண்ணன் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்.

"அப்போ வேற குரல் வச்சு மறுபடி பதிவு பண்ணிடறேன்" என்றாள்.

"எதுக்கு மேடம்? கார்ட்டூன் வாயை அந்தக் குரலுக்கு அசைச்சாச்சு. எல்லா மொழியிலயும் கீழே எழுத்து ஓட்டியாச்சு. லேபிளை மட்டும் மாத்திப் போடுங்க. இவர் தப்பான ஆள், அவர் சரியான ஆள். அவ்ளோதான்."

"அந்த இன்னொரு ஆள் நடக்காததை எல்லாம் செஞ்சு தரேன்னு சொல்றார்."

"இருக்கட்டும், அதுல ரெண்டு வரியை வெட்டிரலாம். கேக்கறவங்களுக்கு ஆறுதலா இருக்குல்ல."

அவள் அந்தக் கார்ட்டூன் வாயைத் திரையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, "அது எங்க அண்ணன் குரல்" என்றாள்.

மேனேஜர் உண்மையாகவே முகம் மலர்ந்தார். "அப்படியா? அருமையான குரல் மேடம். அதனாலதான் எல்லாருக்கும் அப்படி மனசுல நின்னிருக்கு."

லேபிளை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாற்றியபின் இவர் செய்தது ஏன் தவறு என்ற விளக்கத்தை எழுத வேண்டியிருந்தது. அதுவும் அவள் வேலைதான். முதலில் விருந்தினரின் உணர்வை ஏற்றுக்கொள்ளவில்லை. வருத்தம் தெரிவிக்கவில்லை. 'முடியாது' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பேச்சுக்கு இடம் விடாமல் முடித்துவிட்டார். சின்னச் சின்ன வாக்கியங்கள், எந்த நாட்டுக்காரருக்கும் புரியும்படி. அவள் செய்ததிலேயே தெளிவான விளக்கம் அதுதான் என்று மேனேஜர் பாராட்டினார்.

வீட்டில் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அண்ணனோ ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில், "நம்ம குரல் இப்ப எங்கெல்லாம் போயிருக்கு?" என்று கேட்பார். அவள் நாடுகளின் பெயரைச் சொல்வாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிடுவார். லிஃப்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அண்ணிக்கு அதே பேச்சு. "எங்க வீட்டுக்காரர் குரல் கடல் தாண்டிப் போயிருச்சு. ஆள்தான் இன்னும் சோபா தாண்டல."

*

ஆள் சோபா தாண்டுகிற நாளும் வந்தது. பாடத்தைப் படிக்கிறவர்களோடு நேரடியாகப் பேசி, சந்தேகம் தீர்த்துவைக்கிற ஆன்லைன் பயிற்றுநர்கள் நிறுவனத்துக்குத் தேவைப்பட்டார்கள். மேசைக்குப் பின்னால் நின்று பழகியவர்களாக இருக்க வேண்டும். மேனேஜருக்கு அந்தக் குரல் நினைவிருந்தது. நேராக அண்ணனுக்கே மின்னஞ்சல் போட்டுவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை, பயிற்றுநர் ஆகிறவர் முதலில் அந்தப் பாடத்தைத் தானே முடித்துத் தேர வேண்டும்.

அண்ணன் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அதைச் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சந்தோஷம் வெளியே தெரிந்துவிடக்கூடாது என்ற ஜாக்கிரதை.

"வேண்டாம்ணா" என்றாள் அவள்.

"ஏன்?"

"அது... ராத்திரி பகல்னு பாக்காம கிளாஸ் எடுக்கணும். உங்களுக்குச் சரிப்படாது."

"ஹோட்டல்ல ராத்திரி ஷிஃப்ட் நம்ம தாத்தாவா பார்த்தாரு?"

"பாடத்துல கொஞ்சம் மாத்தியிருக்காங்கண்ணா."

"மாத்தட்டும். என் குரலை நானே கேட்டு மார்க் வாங்கப் போறேன். இதைவிட லேசான பரீட்சை உண்டா?"

இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி வந்தது. சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்று அவளுக்குத் தெரியும். காலரின் மடிப்பில் அவர் பெட்டியை ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் ஆபீஸ் அழைப்பு வந்தது என்று உள்ளே போனாள்.

மத்தியானம் அண்ணன் சாப்பாட்டு மேசையில் தொடுதிரை மடிக்கணினியை விரித்து வைத்து, அதன் முன்னால் நின்றுகொண்டே பாடத்தைத் தொடங்கினார். அண்ணி எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் மூன்று பாடங்களும் முழு மதிப்பெண். ஒவ்வொன்று முடியும்போதும் மடிக்கணினியிலிருந்து கைதட்டும் சத்தம் வரும். "இப்படித் தட்டினா நாளைக்கு மாலையும் கேப்பாரு" என்றாள் அண்ணி.

நாலாவது பாடம் வந்தது. தங்கை பின் அறையின் கதவருகே நின்றாள். முதலில் வாடகைக் குரல் குழைந்தது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். பிறகு அவருடைய சொந்தக் குரல் கூடத்தை நிறைத்தது. அறை இன்னும் தயாராகவில்லை, ஐயா.

"அட, நம்ம ஆளு" என்று அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள்.

அண்ணன் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு கேட்டார். முடிந்ததும், சரி என்ற கட்டத்தைத் தொட்டார். திரை சிவந்தது. மீண்டும் யோசியுங்கள் என்று வந்தது.

"கை பட்டுருச்சு போல" என்று மறுபடி தொட்டார். மறுபடியும் சிவப்பு. இந்தப் பணியாளர் விருந்தினரை எப்படி உணரச் செய்தார்?

சரியான விடையைத் தொடும்வரை அடுத்த பக்கம் திறக்காது. படிக்கிறவர் தப்பான எண்ணத்தோடு நகர்ந்துவிடக்கூடாது என்பதற்காக அவளே வைத்த பூட்டு அது.

"பாப்பா, இங்க வா" என்றார் அண்ணன். "இது எதையோ மாத்திச் சொல்லுது."

அவள் வந்து நின்றாள். "அது சரியாத்தான் சொல்லுதுண்ணா. லேபிளை மாத்தச் சொன்னாங்க. கொடுத்துப் பார்த்த எல்லா நாட்டுலயும்... உங்களைத்தான் தப்புன்னாங்க."

அண்ணன் திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

"தப்பு என்னன்னு யார் எழுதினது?"

"நான்தான்."

அவர் விளக்கத்தைத் திறந்து படித்தார். மெதுவாக, ஒவ்வொரு வரியாக. பிறகு, "கத்தினேனா நான்?" என்றார்.

"இல்லண்ணா."

"பொய் சொன்னேனா?"

"இல்ல."

"அந்த ஆளு வாசல்ல நிக்கிற எல்லாருக்கும் அல்வா கொடுக்கிறான். நான் உள்ளதைச் சொன்னேன். மூணு மணின்னா மூணு மணி."

"ஆமாண்ணா. உங்க மேல தப்பில்ல. ஆனா அவங்களுக்கு..."

"ரெண்டுல ஒண்ணைத்தானே தொட முடியுது. இதுல 'ஆனா'ன்னு எதுவும் இல்லையே."

அண்ணி, "மூடி வைங்க அதை. இந்த வேலை ஒண்ணும் வேண்டாம். சோபா இருக்கு" என்றாள். கேலியாகச் சொல்லத் தொடங்கியது கேலியாக முடியவில்லை.

அவர் மூடவில்லை. "அவங்க என்ன எழுதினாங்க? காட்டு" என்றார். அவள் காட்டினாள். காட்டியிருக்க வேண்டாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்தாள். ஆனால் அவர் கேட்டு மறுத்துப் பழக்கமில்லை. அவர் எல்லாவற்றையும் நின்றபடியே படித்தார். அந்தத் துப்புரவுப் பணியாளர் எழுதியதை மட்டும் திரும்பப் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

தன் குரலை மறுபடி ஓட்டிக் கேட்டார். இன்னொரு முறை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. கடைசித் தடவை கேட்கும்போது அவர் முகம் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவரின் முகமாக இருந்தது.

"ஹோட்டல்ல எத்தனையோ பேரு என் முன்னாடி வந்து நின்னிருக்காங்க" என்றார். "குழந்தையோட, பெட்டியோட. நான் மரியாதையாப் பேசுறதா நினைச்சுக்கிட்டிருந்தேன். எல்லாரும் பயந்துதான் உட்கார்ந்தாங்களா, பாப்பா?"

இல்லை என்று அவள் உடனே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வார்த்தையை நம்பி உட்கார்ந்தார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நாடு நாடாக வந்து குவிந்த பதில்களைப் பார்த்த பிறகு, அவளுக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை. அவள் தயங்கிய அந்த நேரத்தையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். விரலை நீட்டி, தவறு என்ற கட்டத்தைத் தொட்டார். திரை பச்சையாகி, மடிக்கணினி கைதட்டியது.

*

ஒரு விதியை ஏற்றுக்கொண்டால் அரைகுறையாகக் கடைப்பிடிக்கிற ஆள் அல்ல அவர். பாடங்களை எல்லாம் முடித்தார். பயிற்றுநர் வேலையும் கிடைத்தது. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தே பேசினார். படிக்கிறவர்கள் அவரைப் புகழ்ந்து எழுதினார்கள். இவ்வளவு கனிவான ஆசிரியரைப் பார்த்ததில்லை என்றார்கள். நாலாவது பாடம் வரும்போதெல்லாம் தன்னுடைய குரலையே ஓட்டிக் காட்டி, இந்தப் பணியாளர் எங்கே தவறினார் என்று வகுப்பைக் கேட்பார். அது யார் குரல் என்று அவர் சொன்னதில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை. அவருடைய இப்போதைய குரலுக்கும் அதற்கும் அவ்வளவு தூரம்.

வகுப்பில் பேசுவதுபோலவே வீட்டிலும் பேச ஆரம்பித்தார். குழாய் ரிப்பேர்க்காரர் சொன்ன நாளைத் தாண்டி வந்தபோது, "உங்களுக்கும் எவ்வளவோ வேலை இருக்கும், எனக்குப் புரியுது" என்றார். குழாய்க்காரர் பயந்துபோய் அண்ணியிடம், "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "அவருக்கு டிரெய்னிங் கொடுத்திருக்காங்க" என்றாள் அண்ணி. தங்கையைப் பார்க்காமலேயே சொன்னாள். வேலை வந்ததில் அவளுக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை.

தங்கை ஒரு நாள், "வீட்டுல நீங்க பழைய மாதிரியே பேசலாமே, அண்ணா" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஒரு வாய்க்கு ரெண்டு குரலா வச்சுக்க முடியும்? நீ எழுதினது நியாயந்தான், பாப்பா. நல்லா யோசிச்சுத்தான் ஒத்துக்கிட்டேன்" என்றார் மென்மையாக. அந்த மென்மைதான் அவளைக் குத்தியது.

அந்த மாதத்துப் போன் ஒரு விடுமுறை நாளில் வந்தது. அவள் பின் அறையில், ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடுத்த பாடத்தின் திரைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. அண்ணன் போனை எடுத்தார். மறுமுனையில் கணவனின் தாய்மாமன் வழக்கம்போல இரைந்து பேசுவது இங்கே வரை கேட்டது.

"சொல்லுங்க மாமா" என்றார் அண்ணன்.

மாமா என்று அவர் அந்த மனிதரை அதுவரை அழைத்ததே இல்லை.

"உங்க மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்னு எனக்குப் புரியுது... ஆமா, நீங்க இத்தனை தடவை கூப்பிட்டும் நான் சரியா முகங்கொடுத்துப் பேசல. அதுக்கு நான் ரொம்ப வருத்தப்படறேன்... இல்ல இல்ல, நீங்க பெரியவங்க... நாம ரெண்டு பேரும் சேர்ந்து யோசிக்கலாம் மாமா..."

மறுமுனையின் இரைச்சல் குறைந்தது. பிறகு உற்சாகமாக ஏதோ கேட்டது. அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தார். நெற்றி வேர்த்திருந்தது. வாயைத் திறந்தார், எதையோ தேடினார். அவர் தேடிய அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் பாடத்தில் தவறு என்று எழுதியிருந்தாள்.

"பரவாயில்லைண்ணா, முடியாதுன்னு சொல்லுங்க" என்று அவள் உதட்டை அசைத்தாள். குரல் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமையா?" என்றார் அண்ணன் போனில். "நாலு பேரா... மாப்பிள்ளையும் வர்றாரா? சரி மாமா. தாராளமா வாங்க. வந்து பேசுங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?"

போனை வைத்துவிட்டு அதைத் துடைத்து மேசைமேல் வைத்தார். அடுப்படியில் எதுவோ கீழே விழுந்து உருண்டது. அண்ணி அதை எடுக்கவில்லை. பேசி முடித்ததும் குறை நிறை கேட்டுக்கொள்வது பயிற்றுநர்களின் வழக்கம். அண்ணன் திரும்பித் தங்கையிடம் கேட்டார்.

"கனிவாப் பேசினேனா, பாப்பா?"

"பேசினீங்கண்ணா" என்றாள் அவள். பின் அறைக்குப் போய் உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். அது சாதாரணச் சின்னத் தாழ்ப்பாள். ஒரு ஆள் தோளைக் கொடுத்துத் தள்ளினால் தாங்காது.